கருந்துளைகளின் நேரிலா உலைவுக் கோட்பாடு

கருந்துளைகளின் நேரிலா உலைவுக் கோட்பாடு என்பது, அமைதி நிலையில் உள்ள ஒரு கருந்துளை கலைக்கப்படும்போது எழும் ஈர்ப்பு அலைகளை, அவை ஒன்றோடொன்று வினைபுரிவதையும் சேர்த்துக் கணக்கிடும் கணித முறை ஆகும். இது பொதுச் சார்புக் கோட்பாட்டின் ஒரு பிரிவு. இந்த வினைபுரிதலைப் புறக்கணிக்கும் எளிய முறை நேரியல் உலைவுக் கோட்பாடு எனப்படும். நேரியல் முறையில் ஒரு கருந்துளையின் அதிர்வு, ஒன்றையொன்று பாதிக்காத பல தனிச் சுரங்களின் கூட்டுத்தொகை ஆகும். நேரிலா முறையில் அச்சுரங்கள் தம்முள் கலந்து, நேரியல் பட்டியலில் இல்லாத புதிய சுரங்களைத் தோற்றுவிக்கின்றன. இரு கருந்துளைகள் மோதி இணைந்தபின் வரும் அலைகளைக் கொண்டு ஐன்ஸ்டைனின் கோட்பாடு சரியா எனச் சோதிப்பதற்கு, இப்புதிய சுரங்களை அறிந்திருப்பது இன்றியமையாதது.

உலைவு என்றால் என்ன

சரியான விடை தெரிந்த ஓர் எளிய நிலையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து சிறிதே விலகிய நிலையைப் படிப்படியாகக் கணிப்பதே உலைவு முறை. கோள்களின் இயக்கத்தை ஆராயவே இது முதலில் வளர்ந்தது. கதிரவன் மட்டும் இருந்தால் ஒரு கோளின் பாதை நீள்வட்டம் ஆகும். பிற கோள்களின் ஈர்ப்பு அப்பாதையைச் சற்றே உலைக்கிறது. யுரேனசின் பாதையில் கண்ட உலைவிலிருந்து 1846ஆம் ஆண்டில் நெப்டியூன் கண்டறியப்பட்டது.

கருந்துளைகளைப் பொறுத்தவரை எளிய நிலைகள் இரண்டு உள்ளன. சுழலாத கருந்துளையை விவரிக்கும் சுவார்சுசைல்டு தீர்வு 1916இலும், சுழலும் கருந்துளையை விவரிக்கும் கெர் தீர்வு 1963இலும் வெளிவந்தன. உண்மையான கருந்துளையின் மீது ஒரு விண்மீன் விழலாம். இன்னொரு கருந்துளை மோதலாம். அப்போது அதன் காலவெளி, எளிய தீர்விலிருந்து விலகுகிறது. விலகலின் அளவை ஒரு சிறிய எண்ணால் குறித்தால், அதன் முதல் அடுக்கு வரும் உறுப்புகள் முதல் வரிசை உலைவு ஆகும். இரண்டாம் அடுக்கு வரும் உறுப்புகள் இரண்டாம் வரிசை உலைவு ஆகும். அச்சிறிய எண் 0.1 எனில் இரண்டாம் வரிசையின் அளவு ஏறத்தாழ 0.01 இருக்கும். அது 0.5 எனில் இரண்டாம் வரிசை 0.25 ஆகிவிடும், அப்போது அதனைப் புறக்கணிக்க இயலாது.

நேரியலும் நேரிலாமையும்

குளத்து நீரில் இரு இடங்களில் சிறு கற்களை இட்டால் எழும் இரு சிற்றலைகளும் ஒன்றையொன்று ஊடுருவிச் சென்று, தத்தம் வழியில் மாற்றமின்றித் தொடர்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் நீரின் உயரம், இரு அலைகளின் உயரங்களின் கூட்டுத்தொகை ஆகும். இது நேரியல் நடத்தை.

நேரிலா நடத்தைக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழியில் ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியை ஒட்டிய ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று விரைந்து வீசுகிறது. இதனால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகளில் ஏராளமான காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன. ஒரு காற்றாலை காற்றின் ஆற்றலில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதால், அதன் பின்புறம் காற்று வேகம் குறைந்தும் கொந்தளித்தும் செல்கிறது. அவ்விடத்தில் நிற்கும் மற்றொரு காற்றாலைக்குக் குறைந்த ஆற்றலே கிட்டும். எனவே இரண்டும் சேர்ந்து தருவது, தனித்தனியே நின்றால் தருவனவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமம் அன்று. காற்றோட்டத்தை ஆளும் சமன்பாடுகள் நேரிலாச் சமன்பாடுகளாக இருப்பது இதற்கு அடிப்படை.

ஐன்ஸ்டைனின் புலச் சமன்பாடுகளும் நேரிலாதவை. பொதுச் சார்புக் கோட்பாட்டின்படி, பொருண்மை மட்டுமன்றி ஆற்றலும் ஈர்ப்பை உண்டாக்கும். ஈர்ப்பு அலை ஆற்றலைச் சுமந்து செல்கிறது. ஆகவே ஈர்ப்பு அலை தானே மேலும் ஈர்ப்பை உண்டாக்குகிறது. வெற்றிடத்தில் இரு ஒளிக்கதிர்கள் சந்தித்தால் மேக்சுவெல் சமன்பாடுகளின்படி ஒன்றையொன்று பாதிப்பதில்லை. இரு ஈர்ப்பு அலைகளோ சந்திக்கும்போது ஒன்றையொன்று மாற்றுகின்றன. அலைகள் மிக வலுக்குன்றியிருந்தால் இம்மாற்றம் பொருட்படுத்தத் தக்கதன்று. கருந்துளையின் அருகே அலைகள் வலுவாக இருப்பதால் அதனைக் கணக்கில் கொள்ள வேண்டியதாகிறது.

நேரியல் கோட்பாட்டின் வரலாறு

1957ஆம் ஆண்டில் துல்லியோ ரெஜ்ஜி, சான் வீலர் ஆகிய இருவரும் சுழலாத கருந்துளையின் முதல் வரிசை உலைவுகளை ஆராய்ந்தனர். உலைவுகள் அச்சுவகை, துருவவகை என இரண்டாகப் பிரியும். அச்சுவகைக்குரிய அலைச் சமன்பாட்டை அவர்கள் தந்தனர். துருவவகைக்குரியதை 1970இல் பிராங்க் செரில்லி தந்தார். சுழலும் கருந்துளைக்குரிய சமன்பாட்டைச் சவுல் தியுகோல்ஸ்கி 1972இல் கண்டறிந்தார்.

இத்துறையின் இரு முக்கிய முடிவுகளுக்கு இந்திய இயற்பியலாளர் சி. வி. விஸ்வேஷ்வரா (1938–2017) காரணமானவர். பெங்களூரில் பிறந்த இவர், அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சார்லசு மிசுனரிடம் ஆய்வு செய்தார். சுழலாத கருந்துளையைச் சிறிது உலைத்தால் அவ்வுலைவு வளர்ந்து கருந்துளையை அழிக்காது என 1970இல் இவர் காட்டினார். அதே ஆண்டில், கருந்துளையை நோக்கி ஒரு குறுகிய ஈர்ப்பு அலைத் துடிப்பை அனுப்பினால் திரும்பி வருவது என்ன எனக் கணக்கிட்டார். திரும்பி வந்த அலை, அனுப்பிய துடிப்பின் வடிவத்தில் இல்லை. அது குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிர்ந்து விரைவில் தணிந்தது. அந்த அதிர்வெண்ணும் தணியும் வேகமும் கருந்துளையை மட்டுமே சார்ந்திருந்தன.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களை இதனோடு ஒப்பிடலாம். தூணை எதனால் தட்டினாலும், அதன் சுரம் தூணின் வடிவத்தையும் கல்லின் தன்மையையும் பொறுத்ததே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கருந்துளையின் அதிர்வு, ஆற்றலைத் தொலைவெளிக்கும் நிகழ்வெல்லைக்கு உள்ளும் இடைவிடாது இழந்துகொண்டே இருக்கிறது. எனவே அதன் அதிர்வுகள் சில சுற்றுகளிலேயே மறைந்துவிடும். இயல்பு அதிர்வுப் பாங்குகளை ஒத்திருந்தும் தணிந்துகொண்டே செல்வதால், இவை இயல்பொத்த பாங்குகள் எனப்படுகின்றன. ஒவ்வொரு பாங்கிற்கும் ஓர் அதிர்வெண்ணும் ஒரு தணிவுக் காலமும் உண்டு. தணிவுக் காலம் என்பது வீச்சு ஏறத்தாழ 37 விழுக்காடாகக் குறைய ஆகும் நேரம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910–1995) 1970களில் இத்துறையில் ஈடுபட்டார். 1975இல் இவரும் ஸ்டீவன் டெட்வைலரும் சுழலாத கருந்துளையின் இயல்பொத்த பாங்குகளை எண்களாகக் கணித்து வெளியிட்டனர். அச்சுவகை, துருவவகைச் சமன்பாடுகள் தோற்றத்தில் வேறுபட்டாலும் இரண்டும் ஒரே சுரங்களைத் தருகின்றன எனவும் நிறுவினர். சந்திரசேகரின் 'கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு' என்னும் பொருள்படும் ஆங்கில நூல் 1983இல் வெளிவந்தது. நேரியல் உலைவுக் கோட்பாட்டிற்கு இந்நூல் இன்றும் அடிப்படை நூலாக விளங்குகிறது.

இரண்டாம் வரிசை

முதல் வரிசையில் கிடைப்பது ஓர் அலைச் சமன்பாடு. அதன் வலப்புறம் சுழியம். அதாவது, அலைக்கு வெளியிலிருந்து தூண்டுதல் ஏதும் இல்லை. இரண்டாம் வரிசையில் இடப்புறம் அதே அலைச் சமன்பாடே வருகிறது. ஆனால் வலப்புறம் சுழியத்திற்குப் பதிலாக ஒரு மூல உறுப்பு நிற்கிறது. அம்மூல உறுப்பு, முதல் வரிசை உலைவுகளின் பெருக்கற்பலன்களால் ஆனது. முதல் வரிசை அலைகள் இணைந்து இரண்டாம் வரிசை அலையைத் தூண்டுகின்றன என்பதே இதன் பொருள். இதிலிருந்து நான்கு விளைவுகள் பெறப்படுகின்றன.

1. புதிய சுரத்தின் அதிர்வெண், தாய்ச் சுரங்கள் இரண்டின் அதிர்வெண்களின் கூட்டுத்தொகை ஆகும். வேறுபாட்டுக்குச் சமமான அதிர்வெண்களும் தோன்றலாம்.

2. புதிய சுரம் தணியும் வீதம், தாய்ச் சுரங்களின் தணிவு வீதங்களின் கூட்டுத்தொகை ஆகும். எனவே அது தாய்ச் சுரங்களை விட விரைவாக மறையும்.

3. புதிய சுரத்தின் வீச்சு, தாய்ச் சுரங்களின் வீச்சுகளின் பெருக்கற்பலனுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தாய்ச் சுரத்தின் வீச்சு பாதியானால், அது தன்னோடு தானே இணைந்து தந்த புதிய சுரத்தின் வீச்சு நான்கில் ஒரு பங்காகும்.

4. அந்த விகிதத்தைப் பொதுச் சார்புக் கோட்பாடே கணித்துத் தருகிறது. நேரியல் முறையில் ஒவ்வொரு சுரத்தின் வீச்சும் கருந்துளை எவ்வாறு கலைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. அதனைக் கோட்பாட்டிலிருந்து நேரே கூற இயலாது. இரண்டாம் வரிசைச் சுரத்திலோ, தாய்ச் சுரங்களின் வீச்சுகள் தெரிந்தால் மகவின் வீச்சைக் கூறிவிடலாம்.

நான்காவது விளைவே இக்கோட்பாட்டின் தனிச்சிறப்பு. ஐன்ஸ்டைன் சமன்பாடுகளின் நேரிலாப் பகுதியை நேரடியாகச் சோதிக்க அது வழிவகுக்கிறது.

ஓர் எண்வழி எடுத்துக்காட்டு

சூரியனைப் போல் 10 மடங்கு பொருண்மை கொண்ட, சுழலாத ஒரு கருந்துளையை எடுத்துக்கொள்வோம். அதன் பாங்குகளைக் கோண எண்ணால் வகைப்படுத்துவர். கோண எண் 2 உடைய பாங்கே பொதுவாக மிக வலியது.

கோண எண் 2, முதன்மைச் சுரம்: அதிர்வெண் சுமார் 1,208 ஹெர்ட்சு, தணிவுக் காலம் 0.55 மில்லிநொடி.
கோண எண் 4, முதன்மைச் சுரம்: சுமார் 2,615 ஹெர்ட்சு, 0.52 மில்லிநொடி.
கோண எண் 4, முதல் மேற்சுரம்: சுமார் 2,574 ஹெர்ட்சு, 0.17 மில்லிநொடி.

இம்மூன்றும் நேரியல் சுரங்கள். இவற்றுள் முதலாவது தன்னோடு தானே இணைந்தால், சுமார் 2,415 ஹெர்ட்சு அதிர்வெண்ணும் 0.28 மில்லிநொடி தணிவுக் காலமும் உடைய இரண்டாம் வரிசைச் சுரம் பிறக்கிறது. அது கோண எண் 4 உடைய அலையில் வெளிப்படும். நேரியல் பட்டியலின் இரு கோண எண் 4 சுரங்களிலிருந்தும் அதன் அதிர்வெண் வேறுபடுகிறது. மேலும் அது நேரியல் முதல் மேற்சுரத்தை விட நீண்ட நேரம் நிலைக்கிறது. ஆகவே மேற்சுரத்தைக் கணக்கில் சேர்த்து இரண்டாம் வரிசைச் சுரத்தை விட்டுவிடுவது முறையாகாது.

பொருண்மை பத்து மடங்கானால் அதிர்வெண்கள் பத்தில் ஒன்றாகும். தணிவுக் காலங்கள் பத்து மடங்காகும். சுரங்களுக்கு இடையேயான விகிதங்கள் மாறா. கருந்துளை சுழன்றால் இவ்வெண்கள் மாறினும் கூட்டல் விதி மாறாது.

இரண்டாம் வரிசை ஆய்வுகளின் வளர்ச்சி

1994இல் ரிச்சர்டு பிரைசு, ஓர்கே புலின் ஆகியோர், மிக நெருங்கிய இரு கருந்துளைகளை ஒரே கருந்துளையின் உலைவாகக் கருதி, நேரெதிர் மோதலில் வெளிப்படும் ஆற்றலை முதல் வரிசையில் கணித்தனர். கணினி கொண்டு முழுமையாகக் கணித்த விடையோடு அது எதிர்பார்த்ததை விட நன்கு ஒத்துவந்தது. வலுவான நேரிலா விளைவுகளில் பெரும்பகுதி நிகழ்வெல்லைக்கு மிக அருகிலேயே தோன்றி, வெளியே வராமல் விழுங்கப்படுவதே இதற்கு விளக்கமாகக் கூறப்பட்டது. 1996இல் கிளைசர், நிக்காசியோ, பிரைசு, புலின் ஆகிய நால்வர் இரண்டாம் வரிசையையும் கணித்தனர். இரண்டாம் வரிசை முதல் வரிசையை நெருங்கும் அளவுக்கு வளருமிடத்தில் முதல் வரிசை விடையை நம்பக் கூடாது. இவ்வாறு, ஒரு கணிப்பை எதுவரை நம்பலாம் என்னும் அளவுகோலாகவும் இரண்டாம் வரிசை பயன்பட்டது. சுழலும் கருந்துளைக்குரிய இரண்டாம் வரிசைச் சமன்பாட்டை மனுவேலா காம்பனெல்லி, கார்லோசு லூசுடோ ஆகியோர் 1999இல் தந்தனர். இரண்டாம் வரிசை இயல்பொத்த பாங்குகளை குனிகித்தோ இயோக்கா, இரோயுக்கி நக்கானோ ஆகியோர் 2007இல் ஆராய்ந்தனர்.

2005இல் பிரான்சு பிரிட்டோரியசு, ஒன்றையொன்று சுற்றும் இரு கருந்துளைகள் இணைவதைக் கணினியில் முழுமையாகக் கணித்தார். அதன்பின் இத்தகைய கணிப்புகள் பெருகித் துல்லியமும் அடைந்தன. 2023ஆம் ஆண்டில் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே, இக்கணிப்புகளின் கோண எண் 4 அலையில் இரண்டாம் வரிசைச் சுரம் தெளிவாக உள்ளது என அறிவித்தன. தாய்ச் சுரத்தின் வீச்சின் இருமடியோடு ஒப்பிட, அதன் வீச்சு சுமார் 0.15 முதல் 0.2 வரை இருந்தது. சில மோதல்களில் அது அதே அலையின் நேரியல் சுரத்திற்கு இணையாகவோ அதனினும் மிகுதியாகவோ இருந்தது. சுழலாத கருந்துளைக்கு உலைவுச் சமன்பாடுகளிலிருந்து 2024இல் கணித்த மதிப்பும் சுமார் 0.15 ஆகவே அமைந்தது.

2024இல் மற்றொரு நுட்பமும் தெளிவாயிற்று. அச்சுவகையும் துருவவகையும் ஒரே சுரங்களைத் தரும் என்னும் சந்திரசேகர்–டெட்வைலர் முடிவின்படி, முதல் வரிசையில் சுரத்தை மட்டும் கேட்டு வகையைப் பிரித்தறிய இயலாது. இரண்டாம் வரிசையில், மேற்கூறிய விகிதம் தாய்ச் சுரத்தில் இவ்விரு வகைகளும் எவ்வளவு கலந்துள்ளன என்பதைப் பொறுத்து மாறுகிறது. முதல் வரிசையில் மறைந்திருக்கும் ஒரு செய்தி இவ்வாறு இரண்டாம் வரிசையில் வெளிப்படுகிறது.

சந்திரசேகரின் நேரிலா ஆய்வுகள்

1983க்குப் பிறகு சந்திரசேகர் நேரிலா விளைவுகளை உலைவு முறையின்றி, துல்லியத் தீர்வுகள் வாயிலாக ஆராய்ந்தார். வலேரியா பெராரியுடன் 1984இலும், பின்னர் பசிலிசு சாந்தோபௌலோசுடனும், எதிரெதிரே வரும் இரு தள ஈர்ப்பு அலைகள் மோதுவதை ஆராய்ந்தார். மோதிய அலைகள் ஒன்றையொன்று குவிக்கின்றன. சில தீர்வுகளில், மோதலுக்குப் பிந்தைய பகுதியின் காலவெளி கெர் கருந்துளையின் உட்பகுதியை ஒத்த வடிவியல் உடையது என அவரும் சாந்தோபௌலோசும் கண்டனர்.

1982இல் சந்திரசேகரும் சேம்சு ஆர்ட்டிலும் மின்னேற்றமுள்ள கருந்துளையின் உள்ளெல்லையை ஆராய்ந்தனர். வெளியிலிருந்து வரும் சிறு உலைவும், அவ்வெல்லையைக் கடக்கும் நோக்கருக்கு வரம்பின்றிப் பெருகித் தோன்றும் எனக் கண்டனர். உலைவு சிறியது என்னும் எடுகோளே அங்கு உடைந்துவிடுகிறது. எரிக் புவாசோன், வெர்னர் இசுரேல் ஆகியோர் 1990இல் நேரிலா விளைவுகளையும் சேர்த்து எளிய மாதிரியொன்றைக் கணித்தபோது, உள்ளெல்லையை ஒட்டி உட்பொருண்மை அளவு கட்டின்றிப் பெருகுவதைக் கண்டனர். நேரியல் கோட்பாடு தன் எல்லையைத் தானே அறிவித்ததற்கும், அதற்கு அப்பால் நேரிலாக் கோட்பாடு தேவைப்பட்டதற்கும் இது சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

நிலைப்புத்தன்மை

விஸ்வேஷ்வராவின் முடிவு நேரியல் கோட்பாட்டிற்கு உட்பட்டது. தனித்தனியே தணியும் அலைகள், ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு காலப்போக்கில் வளர்ந்துவிடுமா என்னும் ஐயத்தை அது தீர்ப்பதில்லை. முழு நேரிலாச் சமன்பாடுகளுக்கான கணித நிறுவல் பல பத்தாண்டுகள் கழித்தே கிட்டியது. கருந்துளை இல்லாத வெற்றுக் காலவெளி நிலையானது என திமேத்ரியோசு கிறிசுதோதுலூவும் செர்கியு கிளைனர்மனும் 1993இல் நூலாக வெளியிட்டனர். சுழலாத நிலையில் முடியும் உலைவுகளுக்குச் சுவார்சுசைல்டு கருந்துளை நிலையானது என்னும் நிறுவல் 2021இலும், மெதுவாகச் சுழலும் கெர் கருந்துளைக்கான நிறுவல் 2022இலும் வெளிவந்தன. ஒவ்வொன்றும் பல நூறு பக்கங்கள் கொண்டது.

நோக்கீடுகளும் முக்கியத்துவமும்

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதன்முறையாக ஈர்ப்பு அலையைப் பதிவு செய்தன. சூரியனைப் போல் சுமார் 36 மடங்கும் 29 மடங்கும் பொருண்மை கொண்ட இரு கருந்துளைகள் இணைந்து, சுமார் 62 மடங்கு கொண்ட ஒன்றானது. புதிய கருந்துளையின் அதிர்வு சுமார் 250 ஹெர்ட்சில் சில மில்லிநொடிகள் நீடித்துத் தணிந்தது.

கெர் கருந்துளையின் எல்லாச் சுரங்களும் அதன் பொருண்மை, தற்சுழற்சி ஆகிய இரண்டால் மட்டுமே தீர்மானிக்கப்படுகின்றன. ஒரு சுரத்தின் அதிர்வெண்ணும் தணிவுக் காலமும் அவ்விரண்டையும் தந்துவிடும். இரண்டாவதாக ஒரு சுரத்தை அளந்தால் கோட்பாட்டைச் சோதிக்கலாம். இச்சோதனையில் தவறு நேரும் இடங்கள் உண்டு. இரண்டாம் வரிசைச் சுரமொன்றை நேரியல் சுரம் எனக் கருதிவிட்டால், அளவீடு கணிப்போடு பொருந்தாது; ஐன்ஸ்டைன் கோட்பாடு தோற்றது எனப் பிழையாக முடிவு செய்ய நேரும். மாறாக, அலையின் உச்சத்திலிருந்தே பல நேரியல் மேற்சுரங்களைப் பொருத்தினால், நேரிலா விளைவுகளை அவை மறைத்துவிடக்கூடும். 2015 அலையில் மேற்சுரம் உள்ளது என 2019இல் ஒரு குழு அறிவித்ததும், 2022இல் மற்றொரு குழு அதனை மறுத்ததும் இச்சிக்கலின் கடினத்தைக் காட்டுகின்றன.

2025 சனவரி 14 அன்று பதிவான அலை, முதல் அலையை விடப் பன்மடங்கு தெளிவாக இருந்தது. அதில் முதன்மைச் சுரமும் அதன் முதல் மேற்சுரமும் அடையாளம் காணப்பட்டன. அவை கெர் கருந்துளைக்குரிய கணிப்போடு ஒத்திருந்தன. இணைவதற்கு முன் இரு கருந்துளைகளின் பரப்பும் சேர்த்துச் சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர். அதாவது ஒவ்வொன்றும் ஏறத்தாழ தமிழ்நாட்டின் பரப்பளவுடையது. இணைந்தபின் பரப்பு சுமார் 4,00,000 சதுர கிலோமீட்டர் ஆனது. மொத்தப் பரப்பு குறையாது என்னும் ஆக்கிங்கின் 1971ஆம் ஆண்டுத் தேற்றத்திற்கு இது சான்றாக அமைந்தது.

இந்தியாவில்

பெங்களூரின் இராமன் ஆய்வுக் கழகத்தில் பணியாற்றிய பாலா ஐயர், இணைவதற்கு முன் கருந்துளைகள் சுற்றிவரும் கட்டத்தின் அலைகளை, நேரிலா விளைவுகளைப் படிப்படியாகச் சேர்த்துக் கணித்தவர்களுள் ஒருவர். புனேயின் வானியல், வான் இயற்பியல் பல்கலைக்கழகங்களிடை மையம், பெங்களூரின் பன்னாட்டுக் கோட்பாட்டு அறிவியல் மையம், சென்னைக் கணிதவியல் கழகம் முதலியவற்றின் ஆய்வாளர்கள் லைகோ கூட்டமைப்பில் பங்குகொண்டுள்ளனர். மகாராட்டிரத்தின் இங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா கருவியை அமைக்க, இந்திய நடுவண் அரசு 2023 ஏப்ரலில் சுமார் 2,600 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்தது. 2030களின் நடுப்பகுதியில் ஏவத் திட்டமிடப்பட்டுள்ள ஐரோப்பாவின் லிசா விண்கலத் தொகுதி, பெரும்பொருண்மைக் கருந்துளைகளின் அதிர்வுகளை மிகத் தெளிவாகப் பதிவு செய்யக்கூடியது. அத்தகைய அலைகளில் இரண்டாம் வரிசைச் சுரத்தை அளந்து, அதன் வீச்சு தாய்ச் சுரங்கள் கூறும் அளவில் உள்ளதா எனப் பார்ப்பதே நேரிலா உலைவுக் கோட்பாட்டின் நேரடிச் சோதனையாக அமையும்.